கால்சியம் மாத்திரை குடல் புற்றுநோயைத் தடுக்குமா?

தொண்டியிலிருந்து பாம்பன் வரை வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது: “கால்சியம் மாத்திரையும் வாரம் ஒரு வைட்டமின் டி பாக்கெட்டும் எடுத்தால் பெருங்குடல் புற்றுநோய் வரவே வராது.” இது தவறு.

அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,282 பெண்களிடம் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ஒரு பாதிக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டியும், மறுபாதிக்கு வெற்று மாத்திரை. சராசரியாக 7 ஆண்டுகள் கவனித்தார்கள். 2006இல் வெளியான முடிவு: குடல் புற்றுநோய் குறையவில்லை. கால்சியம் மாத்திரை எடுத்தவர்களுக்குச் சிறுநீரகக் கல்தான் கூடியது. வெயிலில் வியர்த்து, தண்ணீர் சரியாகக் குடிக்காமல் கடலில் கிடப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

அப்புறம் ஏன் இந்தப் பேச்சு? சாப்பாட்டில் கால்சியம் அதிகம் சேர்ப்பவர்களுக்கு இந்நோய் குறைவாக வருவது உண்மைதான். பிரிட்டனில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து 2025இல் வந்த ஆய்வில், தினம் கூடுதலாக 300 மில்லிகிராம் என்றால் ஆபத்து 17 சதவீதம் குறைவு. இது தொடர்பு மட்டுமே, உத்தரவாதம் அல்ல. முள்ளோடு மெல்லும் நெத்திலி, கேழ்வரகுக் கூழ், மோர் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம்.

60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டை மருத்துவர் சொல்லாமல் மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடலாம். மலத்தில் ரத்தம் போனால் “மூலம்தான்” என்று நீங்களே முடிவு கட்டாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.