டார்க் ஹியூமரும் அத்தான்ர காலும்

போன கிழமை எங்கட ஸ்கூல் பட்ச் வாட்ஸப் குரூப்பில ஒருத்தன் ஒரு மீம் போட்டான். 2009 சண்டைக் கடைசியில சனம் வரிசையில நிண்டு குடிச்ச, இப்ப ஒவ்வொரு மேயிலயும் செத்தவையின்ர நினைவாக் காய்ச்சிக் குடுக்கிற முள்ளிவாய்க்கால் கஞ்சிக்கு சாப்பாட்டு ஆப்பில ரிவியூ எழுதின மாதிரி. அஞ்சில ரெண்டு ஸ்டார், "உப்பில்ல, பாலில்ல, பெக்கிங்கும் சரியில்ல" எண்டு கீழ கொமென்ட். ரெண்டு நிமிசத்தில ஆறேழு சிரிப்பு இமோஜி, பத்து நிமிசத்தில ஒருத்தன் குரூப்ப விட்டே வெளிக்கிட்டிட்டான், பிறகு ராத்திரி ஒரு மணி மட்டும் அடிபாடு. போட்டவன் கடைசி வரைக்கும் ஒரே பாட்டு: "டார்க் ஹியூமர் மச்சான், விளங்காட்டி தள்ளிட்டுப் போ."

நான் அண்டைக்கு ஒண்டும் எழுதேல்ல. ரெண்டு தரம் டைப் பண்ணிப்போட்டு அழிச்சனான். அவனுக்குப் புத்தி சொல்லுற தகுதி எனக்கு இருக்கோ எண்டு எனக்கே டவுட். அதுக்கொரு கதை இருக்கு, கொஞ்சம் நீளம், வாறன்.

முதல்ல ஒண்டு. எனக்கு இந்த மாதிரிப் பகிடி பிடிக்கும், அத மறைக்க ஏலாது. ஊரில செத்தவீடெண்டா முன் விறாந்தையில பொம்பிளையள் ஒப்பாரி வைக்க, பின் வளவில மாமரத்துக்குக் கீழ கதிரையப் போட்டு விடிய விடிய முன்னூற்றி நாலு சீட்டு விளையாடுற கூட்டம் ஒண்டு இருக்கும், நான் சின்னனில இருந்தே அந்தக் கூட்டத்தடியில போய் நிக்கிற ஆள். செத்த மனுசன்ர கஞ்சத்தனம், அவர் எந்தக் கலியாண வீட்டில ஆரிட்ட அடி வாங்கினவர், பெட்டிக்க வைக்கிற புது வேட்டின்ர விலை தெரிஞ்சா எழும்பி வந்து சண்டை பிடிப்பார், எல்லாம் அங்கதான் வெளிய வரும். முன்னுக்கு அழுதிட்டு வந்து பின்னுக்குச் சிரிச்சிட்டுத் திரும்பப் போய் அழுற ஆக்களையும் கண்டிருக்கிறன், ரெண்டும் நடிப்பில்ல. கொழும்பில அந்தக் கொடுப்பினை இல்ல. பொரளைப் பக்கம் மலர்ச்சாலையில ஏசியப் போட்டு ரெண்டு மணித்தியாலத்தில அலுவல் முடிஞ்சிடும், எல்லாரும் போனப் பாத்துக்கொண்டு இருப்பம்.

சண்டைக் காலத்திலயும் அதுதான். மெதுவா உருண்டு வந்து குண்டத் தள்ளிவிட்டிட்டுப் போற பிளேனுக்குச் சனம் வச்ச பேர் சகடை. வன்னியில மேல சுத்திச் சுத்தி வேவு பாத்த ஆளில்லாப் பிளேனுக்குப் பேர் வண்டு. பேர வச்சிட்டா அது ஏதோ ஊர்ச் சாமான் மாதிரி, கொஞ்சம் கைக்குள்ள வந்த மாதிரி.

சிக்மண்ட் ஃப்ராய்ட் 1927இல நகைச்சுவையப் பற்றி எழுதின கட்டுரையில ஒரு உதாரணம் சொல்லுவார். திங்கக்கிழமை தூக்குமேடைக்குக் கொண்டு போற ஒருத்தன், "கிழமை நல்லாத்தான் தொடங்குது" எண்டானாம். எனக்கு அதில பிடிச்சது அந்தத் திங்கக்கிழமைதான். ஒபிசுக்குப் போறவன் மாதிரி அலுத்துக்கொள்ளுறான் பாருங்கோ. உயிரத்தானே எடுக்கப் போறியள், திங்கக்கிழமையத் திட்டுற உரிமை இன்னும் என்னட்டத்தான் கிடக்கு எண்ட மாதிரி. இதே வசனத்தக் கயிறு பிடிக்கிறவன் சொன்னா பத்திக்கொண்டு வரும்.

2022 பொருளாதார நெருக்கடியில முழுக் கொழும்புமே அந்தத் தூக்குமேடைக் கியூவில நிண்டது. 2021 கடைசியில கேஸ் சிலிண்டர் வெடிக்கத் தொடங்கினது, அடுத்த வருசம் கேஸே இல்ல. "போன வருசம் கேஸ் இருந்து செத்தம், இந்த வருசம் கேஸ் இல்லாமச் சாகுறம்" எண்டு எங்கட பிளட் கீழ் மாடி சிங்கள அங்கிள், கியூவில வச்ச சிலிண்டருக்குச் சங்கிலி போட்டுக்கொண்டே சொன்னது ஞாபகம். மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட். கியூவில நிண்ட வயசானாக்கள் அதிலயே விழுந்து செத்த செய்தி வந்த நேரம், பெற்றோல் கியூவில எனக்கு முன்னுக்கு நிண்ட ஓட்டோக்காரர் திரும்பி, "நான் விழுந்தா என்னைத் தூக்காதேங்கோ, ஓட்டோவத் தள்ளிக்கொண்டு போய் பெற்றோல அடிச்சிட்டு வாங்கோ, நான் இதிலதானே கிடப்பன்" எண்டார். கேட்டு நிண்ட எல்லாரும் சிரிச்சினம், தமிழ் சிங்களம் முஸ்லிம் எண்டு இல்ல. இத்தினை வருசம் கொழும்பில இருக்கிறன், ஒரே கஷ்டத்துக்கு எல்லாரும் ஒண்டாச் சிரிச்சத அண்டைக்குத்தான் கண்டனான்.

அதே கிழமை கிளிநொச்சியில இருந்து அத்தான் போன் எடுத்தார். "மோட்டச்சைக்கிள மண்ணெண்ணெயில ஓட்டப் பழகோணுமெண்டாச் சொல்லு, வந்து கிளாஸ் எடுக்கிறன், ஆனா கொழும்பு ரேட்." தொண்ணூறுகளில பொருளாதாரத் தடைக்குள்ள யாழ்ப்பாணமும் வன்னியும் அப்பிடித்தான் ஓடினது, ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணிப்போட்டு மிச்சத்துக்கு மண்ணெண்ணெய், பின்னால சைக்கிளில வாறவனுக்குக் கண் எரியும். அவர் சொன்ன பகிடிக்குள்ள ஒரு குத்தும் இருந்தது, அண்டைக்கு எங்கள ஆர் பாத்தவை எண்டு. அது எனக்கும் சேத்துத்தான், நான் 96இல இருந்து வெள்ளவத்தைக்காரன்.

அத்தான் எண்டது அக்காட மனுசன். 2009இல மாத்தளன் பக்கம் ஷெல் விழுந்து இடது கால் முழங்காலுக்குக் கீழ போட்டுது. அதே ஷெல்லில அவற்ற அம்மாவும். அவவ இருந்த பங்கருக்குள்ளயே வச்சு மண்ணத் தள்ளிவிட்டிட்டு வந்தவை, அதுக்கு மேல அங்க ஒண்டும் செய்ய ஏலாது.

அதுக்கு நாலஞ்சு வருசத்துக்குப் பிறகு ஒரு ராத்திரி, கிளிநொச்சி வீட்டு முத்தத்தில எல்லாரும் இருக்கிறம். அத்தான் காலக் கழட்டிக் கதவடியில சாத்தி வச்சிருக்கிறார். அந்தக் காலில பாட்டாச் செருப்பு போட்டபடியே நிக்கும், ஆரோ கதவுக்குப் பின்னால ஒளிச்சு நிண்டு கால மட்டும் நீட்டின மாதிரி. பக்கத்து வீட்டுப் பெரியவர், "காடு வா வா எண்டுது, வீடு போ போ எண்டுது" எண்டு பெருமூச்சு விட்டார். அத்தான் உடன, "அண்ணை, என்னையும் காடு கூப்பிட்டதுதான். இப்ப முழுக்க வர வசதியில்ல எண்டு போட்டு ஒரு கால அட்வான்ஸாக் குடுத்திட்டு வந்திருக்கிறன்."

விழுந்து விழுந்து சிரிச்சம். சிரிப்பு அடங்கிற நேரம் பாத்து, குரல மாத்தாம, அடுத்ததச் சொன்னார். "அம்மாதான் பாவம். கடன் வைக்கத் தெரியாத மனுசி, முழுக்காசையும் ஒரேயடியாக் கட்டிப்போட்டா."

ஒரு செக்கன் ஒருத்தரும் மூச்சு விடேல்ல. முதல்ல சிரிச்சது அக்கா. கடைக் கொப்பியில அஞ்சு ரூவா நிலுவை இருந்தாலும் மாமி நித்திரை கொள்ளமாட்டாவாம், ஒருக்கா மழைக்குள்ள குடையும் இல்லாமப் போய்க் கட்டிப்போட்டு வந்து காய்ச்சலில படுத்தவவாம். அதுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் அந்த மனுசியப் பற்றித்தான் கதை. நான் அவவ ரெண்டு மூண்டு தரம்தான் கண்டிருப்பன், அண்டைக்குத்தான் அவ ஆரெண்டே எனக்குத் தெரிய வந்தது.

நான் என்ன செய்தன்? கொழும்புக்கு வந்து ஒபிஸ் லஞ்ச் மேசையில அந்த அட்வான்ஸ் கதைய எடுத்து விட்டன். முதல் பாதி மட்டும். ரெண்டாவதச் சொன்னா சோறு இறங்காது எண்டு தெரியும். நல்லா எடுபட்டது. பிறகு ஒரு பார்ட்டியில சொன்னன், பிறகு சிங்களத்திலயும் சொன்னன், அங்கயும் எடுபட்டது. எழுதக் கூச்சமா இருக்கு, ஒரு கட்டத்தில கதிரையில காலத் தூக்கி வச்சு அத்தான்ர குரலில நடிச்சும் காட்டினனான்.

போன வருசம் அத்தான் புதுக் கால் போடுற அலுவலாக் கொழும்புக்கு வந்து, வீட்டுத் திறப்பு வாங்க ஒபிசடிக்கு வந்தார். ஓட்டோவில நானும் கூடப் போவம் எண்டு கீழ இறங்கினன். அங்க நிண்ட எங்கட பெடியன் ஒருத்தன், நல்லவன், கெட்ட எண்ணம் துளியும் இல்ல, ஓடி வந்து கைகுடுத்து "ஆ, அட்வான்ஸ் குடுத்த அண்ணை இவர்தானோ!" எண்டான். அத்தான் சிரிச்சார், நல்லாவே சிரிச்சார். பிறகு மரைன் டிரைவால வரேக்க கடலப் பாத்துக்கொண்டு இருந்தார், ஒரு கதை இல்ல. வெள்ளவத்தை கிட்ட வரேக்கதான் கேட்டார்.

"எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பாய்?"

"கொஞ்சப் பேருக்கு, அத்தான்."

"சிரிச்சவையளோ?"

"ஓம்."

"அப்ப அம்மாவ விட்டிட்டுத்தான் சொல்லியிருக்கிறாய்."

கோவம் இல்ல. கடையில மிச்சக்காச எண்ணிப் பாத்திட்டுக் குறையுது எண்டு சொல்லுற மாதிரிச் சொன்னார். நான் ஓட்டோக்காரரிட்ட அடுத்த ஒழுங்கையால திருப்பச் சொல்லுற மாதிரி முகத்தத் திருப்பினன்.

ஊரில எல்லாரும் சொல்லுற ஒரு சட்டம் இருக்கு: அடிபட்டவன் சொன்னாப் பகிடி, அடிச்சவன் சொன்னா நக்கல். நானும் அதத்தான் நம்பியிருந்தன், இப்பவும் முக்கால்வாசி நம்புறன். ஆனா அந்தச் சட்டத்தில நான் பாஸ். தமிழன், அவற்ற மச்சான், என்ர அக்காவும் அந்தப் பங்கருக்குள்ள இருந்தவ. எல்லாத் தகுதியும் இருந்தும் பிழை விட்டது நான்தான். அந்தப் பகிடியே அம்மாவுக்காக, கால் சும்மா முன்வாசல். நான் வாசலோட நிப்பாட்டிப்போட்டு உள்ள இருந்த மனுசியக் காட்டாமலே எல்லாரையும் சிரிக்க வச்சுத் திருப்பி அனுப்பியிருக்கிறன். கேட்டவன் ஒருத்தனுக்கும் ஒரு நட்டமும் இல்ல, ஒரு கதையச் சும்மா எடுத்துக்கொண்டு போனான்.

இப்ப அந்தக் கஞ்சி மீமுக்கு வாங்கோ. உப்பில்ல, பாலில்ல எண்டது உண்மை. வெறும் தண்ணியில அரிசியப் போட்டுக் காய்ச்சினதாலதான் அது அந்தக் கஞ்சி. அத வரிசையில நிண்டு வாங்கிக் குடிச்ச ஒரு ஆள் "உப்புக் காணாது" எண்டு சொன்னா, நான் முதல் ஆளாச் சிரிப்பன், பிறகு சாப்பிட ஏலாம இருப்பன். மீமில குடிச்ச ஆள் இல்ல. ஆப் இருக்கு, ஸ்டார் இருக்கு, கிண்ணம் இருக்கு, ஆளக் காணேல்ல. போட்டவன் கெட்டவன் எண்டு நான் நினைக்கேல்ல, நான் லஞ்ச் மேசையில செய்ததத்தான் அவன் போனில செய்திருக்கிறான்.

அடிபாட்டில ஒருத்தன் 2017இல வியன்னாவில செய்த ஆராய்ச்சிய இழுத்தான், கறுப்பு நகைச்சுவைய ரசிக்கிறவனுக்கு அறிவு கூட எண்டு. 156 பேர வச்சு கார்ட்டூன் காட்டிச் செய்தது அது. அதே ஆராய்ச்சியில அந்த ஆக்களுக்கு மூர்க்கமும் குறைவு எண்டு வந்திருக்கு, அத ஏன் ஒருத்தனும் ஷெயார் பண்ணுறேல்ல எண்டு தெரியேல்ல, அதுவும் அண்டைக்கு எங்கட குரூப்பில.

இன்னொருத்தன், "இத்தினை வருசமாச்சு, இனியுமா?" எண்டான். காலம் ஒரு காரணம்தான், இல்லையெண்டில்ல. அமெரிக்காவில 2012 சாண்டிப் புயலப் பற்றின பகிடியள வச்சு ஆராய்ச்சி செய்தவை. புயல் அடிச்ச கையோட சனம் சிரிக்கேல்ல, 36ஆம் நாள் மட்டிலதான் கூடச் சிரிச்சினம், பிறகு பழசாகி அதுவும் குறைஞ்சு போச்சு. எனக்கு உடன எங்கட செத்தவீட்டு 31ஆம் நாள்தான் ஞாபகம் வந்தது, அந்தியேட்டி முடிஞ்சு மச்சம் சமைச்ச பிறகுதான் வீட்டில முதல் பெரிய சிரிப்புக் கேக்கும். ஆனா 31 எண்ணுறதுக்கு முதலாம் நாள் எண்டு ஒண்டு வேணுமெல்லோ. கிளிநொச்சியில 2017 பெப்ரவரியில காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர படத்தக் கையில பிடிச்சுக்கொண்டு போராட்டம் தொடங்கின அம்மாமாருக்கு அந்த முதலாம் நாள் எது? பிள்ளை செத்ததெண்டு அவையள் ஒத்துக்கொள்ளவே இல்ல. வருசக் கணக்கு எங்களுக்குத்தான் ஓடுது.

கடைசியா ஒருத்தர் வந்து "உவன சீஐடியில குடுக்கோணும்" எண்டார் பாருங்கோ, அதிலதான் எனக்கு ஏறினது. ஐசிசிபிஆர் சட்டம், 2007இன் 56ஆம் இலக்கம், மனித உரிமைக்கெண்டு கொண்டு வந்தது. அதிலதான் 2019இல ஒரு சிறுகதைக்காக சக்திக சத்குமாரவ நாலு மாசம் உள்ள வச்சவை. அதிலதான் 2023 மேயில ஸ்டாண்டப் செய்யிற நடாஷா எதிரிசூரியவ பௌத்தத்த அவமதிச்சா எண்டு எயார்போட்டில வச்சுப் பிடிச்சவை, ஜூலையிலதான் பிணை. அந்த நேரம் எங்கட ஆக்கள் சிலரும் நல்லா வேணும் எண்டு எழுதினவை. அடுத்த மே, 2024, சம்பூரில கஞ்சி குடுத்த பொம்பிளையளப் பிடிச்சினம். அதுவும் அதே சட்டம். பகிடி விட்டாலும் உள்ள, அழுதாலும் உள்ள. கூடாத பகிடிக்கு மூஞ்சைக்கு நேர ஏசுங்கோ, குரூப்ப விட்டு வெளிக்கிடுங்கோ, ரெண்டு கிழமை கதைக்காம விடுங்கோ, பொலிசக் கூப்பிடாதேங்கோ.

இத எழுத முதல் அத்தானுக்குப் போன் எடுத்துக் கேட்டனான், போடட்டோ எண்டு. "அம்மாவையும் சேத்துப் போடுறதெண்டாப் போடு" எண்டார். பிறகு, "ஒபிஸ் பெடியனுக்கும் சொல்லு, பாவம்." அவனுக்கு இன்னும் சொல்லேல்ல. நேர சொல்லத்தான் வேணும், இதில வாசிக்க விடுறது சரியில்ல.

புதுக் காலப் போட்டுக்கொண்டு போனவர் பழைய கால எங்கட பெல்கனியில விட்டிட்டுப் போட்டார், அதே பாட்டாச் செருப்போட. குழாய் திருத்த வந்த பெடியன் கண்டு பதறிப்போனான், வைஃப் ஒரு பக்கம் அத முதல்ல அனுப்புங்கோ எண்டு நிக்கிறா. எப்ப அனுப்ப எண்டு அத்தானிட்டக் கேட்டதுக்கு, "அங்கயே நிக்கட்டும். இந்தக் காணி விலைக்குக் கொழும்பில வேற எப்பிடி நான் கால் ஊண்டுறது" எண்டார்.