வேலையோடு முடிவையும் கொடுங்கள்

பிறருடைய அலுவலக வேலையை இணையவழியே வாங்கிச் செய்வதையே தொழிலாகக் கொண்ட மெய்நிகர் உதவியாளர்களாகிய நாம், நம் வேலையைப் பிறரிடம் கொடுப்பதில் மட்டும் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டுகிறோம் என்று எனக்குப் புரிவதில்லை. வாடிக்கையாளர் "இதைக் கொஞ்சம் பார்த்துவிடுங்கள்" என்று ஒரே வரியில் எழுதினால், எதைப் பார்ப்பது, எப்போதைக்குள் முடிப்பது என்று எதுவுமே சொல்லவில்லையே எனப் புலம்புகிறோம். அன்று மாலையே, நம்மிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் கல்லூரிப் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அதே ஒரு வரியை அனுப்புகிறோம். அவள் வேறு மாதிரி செய்து கொடுத்தால், "இதற்கு நானே செய்திருக்கலாம்" என்ற தீர்ப்பு நம்மிடம் தயாராக இருக்கிறது.

பயிற்சி என்றதும் பெரும்பாலோர் ட்ரெல்லோ, கேன்வா, எக்செல் என்று கருவிகளைத்தான் வரிசைப்படுத்துகிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கருவிகளை நம்மைவிட வேகமாகக் கற்றுக்கொள்வார்கள். அவர்களுக்குத் தெரியாததும் நாம் சொல்லாமல் விடுவதும் ஒவ்வொரு வேலைக்கும் பின்னால் இருக்கும் காரணம்தான். காரணம் தெரியாதவரால் சொன்னதைச் செய்ய முடியுமே தவிர, ஒரு முடிவை எடுக்க முடியாது.

நியூயார்க்கில் இருக்கும் ஒரு வாடிக்கையாளருக்கும் லண்டனில் இருக்கும் அவருடைய கூட்டாளிக்கும் வாரந்தோறும் நியூயார்க் நேரப்படி காலை 9 மணிக்கு ஓர் இணையவழிக் கூட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் அது லண்டனில் பிற்பகல் 2 மணி, நமக்கு இரவு 7.30. அமெரிக்காவில் கோடைக்கால நேரத்துக்காக மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுகிறார்கள். பிரிட்டனிலோ அது அந்த மாதத்தின் கடைசி ஞாயிறன்றுதான் நடக்கிறது. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்களில் அதே கூட்டம் லண்டன்காரருக்குப் பகல் 1 மணிக்கு, சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் வந்து விழுகிறது. கடிகாரத்தைத் தொடாத நமக்கு அது மாலை 6.30 ஆகிவிடுகிறது. கூகுள் காலண்டர் இந்த நேரங்களையெல்லாம் பிழையில்லாமல் மாற்றிக் காட்டும். ஆனால் அந்த வாரங்களில் யார் யாருக்காக விட்டுக்கொடுப்பது என்பதை அது சொல்லாது. "அந்தக் கூட்டத்தைக் கவனித்துக்கொள்" என்று மட்டும் கேட்ட பெண், அழைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். லண்டன்காரர் 1 மணிக்கு யாருடனும் பேசமாட்டார், நம் வாடிக்கையாளருக்கு 10 மணிக்கும் வேறு வேலை இல்லை என்ற இரண்டு செய்திகளும் தெரிந்தவளோ, அந்த வாரங்களுக்கு மட்டும் கூட்டத்தை 10 மணிக்குத் தள்ளிவிட்டு, முன்கூட்டியே இருவருக்கும் இரண்டு வரி எழுதிவிடுவாள். என்னிடம் பயிற்சி பெறும் பெண் அப்படித்தான் செய்தாள். "அக்டோபர் கடைசியில் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும்போது ஒரு வாரம் மறுபடியும் இப்படி வருமே அக்கா, அதையும் இப்போதே மாற்றிவிடட்டுமா?" என்று கேட்டதும் அவள்தான்.

முடிவைக் கொடுப்பது என்றால் முதல் நாளே எல்லாவற்றையும் தூக்கிக் கொடுப்பது என்று பொருளில்லை. நாம் அன்றாடம் புழங்கும் காலண்டரிலேயே அதற்கான படிகள் இருக்கின்றன: நேரம் காலியாக இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் காட்டலாம், விவரங்களைக் காட்டலாம், திருத்த அனுமதிக்கலாம், கடைசியாகப் பிறரோடு பகிரும் உரிமையையும் கொடுக்கலாம். ஜிமெயிலிலும் கணக்கின் உரிமையாளர் இன்னொருவரைப் பிரதிநிதியாகச் சேர்க்க முடியும். அவர் அஞ்சல்களைப் படிக்கலாம், அனுப்பலாம், நீக்கவும் செய்யலாம், ஆனால் பாஸ்வேர்டை மாற்ற முடியாது. இவ்வளவு வசதி இருந்தும் பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, நள்ளிரவில் ஓடிபி கேட்டுத் தொலைபேசியில் அழைக்கும் வழக்கம் நம் தொழிலில் இன்னும் ஒழியவில்லை. முதலில் அவள் பதிலை டிராஃப்டாக எழுதி வைக்கட்டும். பிறகு வழக்கமான பதில்களைத் தானே அனுப்பட்டும், நாம் மாலையில் ஒருமுறை பார்ப்போம். அதன்பின் வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். பணம் செலுத்துவதும், கோபமாக எழுதியவருக்குப் பதில் சொல்வதும் கடைசிவரை என்னிடமே இருக்கும். அதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இதில் மிகக் கடினமானது, அவள் எழுதியதைத் திருத்தும் இடம். தவறாக இருப்பது வேறு, நான் எழுதும் முறையில் இல்லாமல் இருப்பது வேறு. அமெரிக்கருக்கு அனுப்பும் அஞ்சலில் 04/05 என்று தேதியைப் போட்டால் அவர் அதை ஏப்ரல் 5 என்று படிப்பார், நாம் மே 4 என்று நினைத்திருப்போம். அது திருத்தியே ஆகவேண்டிய தவறு. "கைண்ட் ரிகார்ட்ஸ்" என்று முடித்ததை "வார்ம் ரிகார்ட்ஸ்" ஆக்குவது நம் மனத்திருப்திக்காக மட்டுமே. இரண்டாவது வகைத் திருத்தத்தை அடிக்கடி வாங்கும் பெண், எப்படியும் அக்கா மாற்றத்தான் போகிறார் என்று தன் யோசனையை அதோடு நிறுத்திக்கொள்வாள்.

வாடிக்கையாளருக்குத் தெரிவிக்காமல் அவருடைய அஞ்சல்பெட்டியை இன்னொருவருக்குத் திறந்துவிடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். 2018 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகள், தரவைக் கையாளும் பணியை ஏற்றவர் அதை இன்னொரு தரப்பிடம் ஒப்படைக்க எழுத்துப்பூர்வமான முன் அனுமதி வேண்டும் என்கின்றன. விதி பொருந்தாத நாட்டு வாடிக்கையாளராக இருந்தாலும், யார் வருகிறார், எதைப் பார்ப்பார், எதைப் பார்க்கமாட்டார் என்று எழுதிக் கேட்பதால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

ஊதியத்தையும் சொல்லியாக வேண்டும். பயிற்சிக்கு வந்தவர் செய்த வேலைக்கு வாடிக்கையாளரிடம் டாலரில் வாங்கிக்கொண்டு, அவர் கையில் சான்றிதழை மட்டும் கொடுத்து அனுப்புவது சுரண்டல்தான். பழகும் காலத்தில் நம் நேரமும் செலவாகிறது என்பது உண்மை. அதனால் தொடக்கத்தில் ஒரு சிறு தொகையும், தானே அஞ்சல் அனுப்பத் தொடங்கும் மாதத்திலிருந்து மணிக்கணக்கில் ஊதியமும் தருகிறேன். இதை அறிவிப்பிலேயே எழுதிவிடுவதால் விண்ணப்பங்கள் குவிந்துவிடுகின்றன. அவற்றைப் படித்துத் தரம்பிரிக்கும் வேலையையும் இப்போது அவளிடமே கொடுத்திருக்கிறேன்.