யாருக்குக் கணக்குச் சொல்கிறோம்?

சிவில் சமூகம், அதாவது அரசுக்கு வெளியே மக்கள் சேர்ந்து நடத்தும் சங்கங்கள், அமைப்புகள், என்று யாராவது பேச்செடுத்தாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்துவிடும். ஒரு பக்கம் லத்தியோடு அரசு, இன்னொரு பக்கம் மெழுகுவர்த்தியோடு நல்லவர்கள். இந்தப் படம் நம் மண்டையில் எப்போது ஏறியது?

1821-இல் ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் இந்தச் சொல்லைக் கையாண்டபோது அதில் புனிதம் எதுவும் இல்லை. சொந்த நலன்கள் முட்டிமோதும் களம் அது, அரசுதான் அதை ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர் வாதம். மார்க்ஸ் அதைத் தலைகீழாகப் புரட்டினார்: அரசைத் தாங்கி நிற்பதே அந்தக் களம்தான். முசோலினியின் சிறையில் இருந்தபடி இத்தாலியக் கம்யூனிஸ்ட் சிந்தனையாளர் கிராம்சி எழுதியது இன்னும் சங்கடமானது. மேற்கு ஐரோப்பாவில் அரசு வெறும் அகழிதான், அதற்குப் பின்னால் கோட்டைகள் வரிசையாக நிற்கின்றன என்றார். பள்ளி, தேவாலயம், பத்திரிகை, சங்கம் எல்லாம் ஆட்சியைக் காக்கும் அந்தக் கோட்டைகளில் சேர்த்தி.

நல்லவர்கள் படம் பரவியது பெரும்பாலும் போலந்துக்குப் பிறகு. 1980-இல் தொடங்கிய சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தில் சுமார் 1 கோடிப் பேர் சேர்ந்தார்கள். 1981 டிசம்பரில் கம்யூனிஸ்ட் ஆட்சியாளர்கள் ராணுவச் சட்டம் போட்டு நசுக்கிப் பார்த்தார்கள். 1989 தேர்தலில் அதே சங்கம் ஆளும் கட்சியைத் தோற்கடித்தது. அங்கே அரசும் சமூகமும் எதிரெதிரே நின்றது உண்மை. அதையே எல்லா நாட்டுக்கும் மருந்துச்சீட்டாக எழுதிக் கொடுத்ததுதான் தவறு. 1920களின் ஜெர்மனியில் சங்கங்களுக்கா பஞ்சம்? பாட்டுக்கு ஒன்று, உடற்பயிற்சிக்கு ஒன்று, விவசாயிகளுக்கு ஒன்று. நாஜிகள் ஊர் ஊராக நுழைந்ததில் அந்தச் சங்கங்களின் வழியாகவும் நுழைந்தார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகள் ஒரு சிறிய சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தேன். சந்தாவில்தான் எல்லாம் ஓடியது. வசூலுக்குப் போனால் திட்டு வாங்காமல் திரும்ப முடியாது. "போன வருஷம் என்னத்தக் கிழிச்சீங்க?" என்பார்கள். அப்புறம் ஒரு அறக்கட்டளையிலிருந்து நிதி வந்தது. சந்தா கேட்கிற வேலை நின்றது, திட்டும் நின்றது. பதிலுக்குக் காலாண்டு அறிக்கை வந்து சேர்ந்தது. மூன்றாம் ஆண்டில் எங்கள் கூட்டத்துக்கு வந்தவர்களைவிட, அறிக்கைப் புகைப்படங்களில் இருந்தவர்கள் அதிகம். யாரும் பணத்தைத் தொடவில்லை. ஆனால் எங்களைக் கேள்வி கேட்க ஆளில்லாமல் போய்விட்டது.

அப்படியானால் அரசே தலையிட்டுக் கேட்கட்டும் என்கிறேனா? ஐயோ, வேண்டாம். வெளிநாட்டு நிதி வாங்கி அரசியல் செய்யும் அமைப்புகள் 'வெளிநாட்டு முகவர்' என்று பதிவு செய்துகொள்ள வேண்டும் என 2012-இல் ரஷ்யா சட்டம் போட்டது. அமைப்புகளில் தொடங்கியது, பின்னர் ஊடகங்கள், தனிமனிதர்கள் வரை நீண்டது. "யார் காசு?" என்று நான் கேட்கும் அதே கேள்வியை அந்தச் சட்டமும் கேட்கிறது என்பதுதான் எனக்கு உறுத்தல். சந்தா கட்டியவர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. போலீஸ் கேட்கும்போது வாயை மூட வேண்டியிருக்கிறது.

வட ஆப்பிரிக்காவின் துனிசியாவை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 2013-இல் அங்கே ஆட்சியும் எதிர்க்கட்சிகளும் முறைத்துக்கொண்டு நின்றபோது, தொழிற்சங்கம், முதலாளிகள் சங்கம், மனித உரிமை அமைப்பு, வழக்கறிஞர் சங்கம் என நான்கும் சேர்ந்து இரு தரப்பையும் பேச உட்கார வைத்தன. 2015-இல் அமைதிக்கான நோபல் கிடைத்தது. நான்கில் அந்தத் தொழிற்சங்கம் 1946-இல் தொடங்கியது; பல லட்சம் உறுப்பினர்கள். அன்று அது வேலைநிறுத்தம் என்று சொல்லியிருந்தால் நாடே நின்றுபோயிருக்கும். கூப்பிட்டதும் இரு தரப்பும் வந்ததற்கு, கூப்பிட்டவர்களின் நல்ல மனசைவிட இந்தப் பலம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.