கவுன்சிலைக் கலைப்பது யார், கட்டுவது யார்?

யூனிட்டரி கவுன்சில், அதாவது ஒரு பகுதியின் உள்ளாட்சி வேலைகளை இரண்டு அடுக்காகப் பிரிக்காமல் ஒரே கவுன்சில் பார்க்கிற அமைப்பை நான் ஆதரிக்கிறேன். இங்கிலாந்தில் அதை உருவாக்குகிற விதத்தை ஆதரிக்கவில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு "அப்போ நீ எந்தப் பக்கம்?" என்று கேட்கிற நண்பர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. நார்தாம்ப்டனில் குடியிருக்கிறவன் என்பதால் எனக்கு இதில் சொந்த அக்கறை உண்டு. எங்கள் கவுண்டியில் நடந்து முடிந்ததுதான் இப்போது மற்ற இடங்களிலும் ஆரம்பித்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் 21 பகுதிகளின் கவுன்சில்களுக்கு அரசு கடிதம் அனுப்பியது: ஒன்றாகச் சேருவதற்குத் திட்டம் கொடுங்கள் என்று.

முதலில் பழைய ஏற்பாட்டைப் பார்ப்போம். 1974 முதல் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் உள்ளாட்சி இரண்டு அடுக்கு. மேலே கவுண்டி, கீழே டிஸ்ட்ரிக்ட். பள்ளி, சாலை, நூலகம், முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் பாதுகாப்பு எல்லாம் கவுண்டியின் பொறுப்பு. குப்பை எடுப்பது, கவுன்சில் வீடுகள், கட்டட அனுமதி, வரி வசூல் இவை டிஸ்ட்ரிக்டின் பொறுப்பு. காதால் கேட்க ஒழுங்காகத்தான் இருக்கும். நடைமுறை வேறு. வாசலில் இருக்கிற குப்பையை எடுத்துப் போவது ஒரு கவுன்சில். எடுத்துப் போனதை என்ன செய்வது என்று முடிவு செய்வது இன்னொரு கவுன்சில். 500 வீடுகளுக்கு அனுமதி கொடுப்பது ஒருவர். அந்த வீடுகளுக்குச் சாலையும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமும் தேட வேண்டியது இன்னொருவர். கவுன்சில் டாக்ஸ், அதாவது வீட்டுக்குக் கட்டுகிற உள்ளாட்சி வரி, அதன் பில் டிஸ்ட்ரிக்டின் பெயரில் வரும், பணத்தில் பெரும்பங்கு கவுண்டிக்குப் போகும். திட்டு மட்டும் பில் அனுப்பியவருக்கு.

இதை ஒன்றாக்கு என்று சொல்வதில் தவறே இல்லை. 1995-இல் வைட் தீவில் தொடங்கி, ஏவன், கிளீவ்லாண்ட், ஹம்பர்சைடு, பெர்க்‌ஷயர் கவுண்டி கவுன்சில்கள் தொண்ணூறுகளிலேயே கலைந்தன. 2009-இல் கார்ன்வால், வில்ட்ஷயர், டரம், நார்தம்பர்லாண்ட், ஷ்ராப்ஷயர் எல்லாம் ஒற்றைக் கவுன்சில் ஆயின. வானம் இடிந்து விழவில்லை.

எங்கள் கதை கொஞ்சம் அசிங்கமான கதை. 2017 அக்டோபரில் நார்தாம்ப்டன்ஷயர் கவுண்டி கவுன்சில் 5.3 கோடி பவுண்ட் செலவில் ஒன் ஏஞ்சல் ஸ்கொயர் என்ற புதுத் தலைமையகத்தைத் திறந்தது. நான்கு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. 2018 பிப்ரவரி தொடக்கத்தில் செக்‌ஷன் 114 அறிவிப்பு வந்துவிட்டது. கவுன்சில்கள் கம்பெனிகளைப் போல திவாலாக முடியாது. வரவுக்கு மேல் செலவு போகிறது என்று தெரிந்தால், நிதித் தலைமை அதிகாரி 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தப் பிரிவின்படி எழுத்தில் அறிவிக்க வேண்டும். அன்று முதல், சட்டம் கட்டாயப்படுத்துகிற சேவைகளைத் தவிர வேறு எதற்கும் புதிதாக ஒரு பைசா செலவு செய்யக் கூடாது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் இப்படி ஓர் அறிவிப்பு வந்தது அதுதான் முதல் முறை. அதே ஜூலையில் இரண்டாவது அறிவிப்பும் வந்தது. புதுக் கட்டடத்தை விற்றார்கள். விற்றுவிட்டு அதிலேயே வாடகைக்கு உட்கார்ந்தார்கள்!

அரசு அனுப்பிய ஆய்வாளர் மேக்ஸ் காலர் 2018 மார்ச்சில் அறிக்கை கொடுத்தார். இந்தக் கவுன்சிலைத் தேற்ற முடியாது, கலைத்துவிட்டு இரண்டு புது யூனிட்டரி கவுன்சில்களை அமையுங்கள் என்பது அதன் சாரம். கவுண்டி நிர்வாகத்தைப் பற்றி அவர் எழுதியதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கவுண்டி மூழ்கியதற்கு, கீழே இருந்த ஏழு டிஸ்ட்ரிக்டுகளும் சேர்த்துக் கலைக்கப்பட்டன. கார்பி, கெட்டரிங், வெலிங்பரோ, கிழக்கு நார்தாம்ப்டன்ஷயர் நான்கும் ஒரு பக்கம். நார்தாம்ப்டன், டேவன்ட்ரி, தெற்கு நார்தாம்ப்டன்ஷயர் மூன்றும் இன்னொரு பக்கம். எட்டுக் கவுன்சில்களில் கார்பி மட்டும் அந்தத் திட்டத்தில் கையெழுத்துப் போட மறுத்தது. மறுத்ததால் எதுவும் நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை? சட்டம் அப்படி. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைச்சர் கவுன்சில்களுக்கு அழைப்புக் கடிதம் அனுப்புவார். அவை திட்டம் கொடுக்கும். அவர் கலந்தாலோசனை நடத்துவார், பிறகு ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுப்பார், திருத்துவார், அல்லது எதுவும் வேண்டாம் என்பார். தேர்ந்தெடுத்தால் கட்டமைப்பு மாற்ற ஆணை ஒன்று நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் போகும். எந்தக் கவுன்சில் எந்தத் தேதியில் ஒழியும், எது பிறக்கும், எத்தனை கவுன்சிலர்கள், முதல் தேர்தல் எப்போது, எல்லாம் அந்த ஆணைக்குள். ஏப்ரல் 1 அன்று பழைய கவுன்சிலின் ஊழியர், ஒப்பந்தம், கட்டடம், கடன் அத்தனையும் புதுக் கவுன்சிலுக்கு மாறும். இவ்வளவில் வாக்காளருக்கு வேலையே இல்லை. "உள்ளூரில் நல்ல அளவு ஆதரவு" இருக்க வேண்டும் என்று ஓர் அளவுகோல் உண்டு. அதை அளப்பவரும் அமைச்சரே.

இதை நான் வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. டார்செட்டில் ஒன்பது கவுன்சில்களை இரண்டாக்கும்போது, கிறைஸ்ட்சர்ச் ஊரை போர்ன்மத், பூல் நகரங்களோடு சேர்க்க முடிவானது. கிறைஸ்ட்சர்ச் கவுன்சில் 2017 டிசம்பரில் தன் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. பாதிக்கு மேற்பட்டோர் வாக்களித்தார்கள், அதில் 84% பேர் வேண்டாம் என்றார்கள். இங்கிலாந்தில் பல கவுன்சில் தேர்தல்களுக்கு மூன்றில் ஒரு பங்குதான் வாக்குச்சாவடிக்கு வருகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். உயர் நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். 2019 ஏப்ரலில் புதுக் கவுன்சில் வந்துவிட்டது. சாமர்செட்டில் 2021-இல் டிஸ்ட்ரிக்டுகள் நடத்திய வாக்கெடுப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இரண்டு கவுன்சில்கள் வேண்டும் என்றார்கள். வாக்களித்தவர்கள் கால்வாசிப் பேர்தான், அது உண்மை. ஆனாலும் அடுத்த மாதமே அமைச்சர் ஒரே கவுன்சில் என்று அறிவித்தார். 2023 ஏப்ரலில் சாமர்செட் கவுன்சில் தொடங்கியது. அதே நவம்பரில் நிதி அவசரநிலை அறிவித்தது. 2025-இல் சிறப்பு அனுமதி வாங்கி வரியை 7.5% ஏற்றியது.

ஒரே கவுன்சில் ஆனதால்தான் பணம் போனது என்று நான் சொல்லவில்லை. பணம் போகிற இடம் வேறு. முதியோர் பராமரிப்பும், குழந்தைகள் பராமரிப்பும், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகிற வண்டியும்தான் கவுன்சில் பட்ஜெட்டைத் தின்கின்றன. கவுன்சில்களை இணைப்பதால் தலைமை அதிகாரிகளின் எண்ணிக்கை குறையும், அலுவலகங்கள் குறையும். பராமரிப்பு தேவைப்படுகிற ஒரு பாட்டிகூடக் குறையமாட்டார். யூனிட்டரி ஆகிவிட்டால் பணக்கஷ்டம் தீரும் என்று சொல்பவர்கள் ஸ்லவையும் தரக்கையும் பார்க்கட்டும். இரண்டும் 1998 முதலே யூனிட்டரிகள். ஸ்லவ் 2021-இலும் தரக் 2022-இலும் செக்‌ஷன் 114-இல் வந்து நின்றன.

சரி, எங்கள் ஊருக்குத் திரும்புகிறேன். இதில் பலரும் கவனிக்காத ஒரு கூத்து உண்டு. எங்கள் டிஸ்ட்ரிக்டுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015-இல். 2019-இல் நடக்க வேண்டியதை, எப்படியும் கலைக்கப் போகிறோமே என்று 2020-க்குத் தள்ளினார்கள். 2020-இல் கொரோனா. 2021 மே மாதத்துக்குத் தள்ளினார்கள். ஆனால் புதுக் கவுன்சில்கள் தொடங்கியது 2021 ஏப்ரல் 1. அதாவது வடக்கு நார்தாம்ப்டன்ஷயர், மேற்கு நார்தாம்ப்டன்ஷயர் என்ற இரண்டு கவுன்சில்களும் தங்கள் முதல் பட்ஜெட்டோடு வேலையை ஆரம்பித்தபோது, அவற்றுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. கலைந்துபோன கவுன்சில்களின் உறுப்பினர்களே நிழல் கவுன்சிலாக உட்கார்ந்து வரியை நிர்ணயித்திருந்தார்கள். நான்கு ஆண்டுக்கு வாக்களித்தோம், ஆறு ஆண்டு இருந்தார்கள். மே 6-இல்தான் முதல் தேர்தல்.

ஆட்சி நடக்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கவுன்சிலர் என்றால் எல்லாவற்றையும் முடிவு செய்பவர் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். மேற்கு நார்தாம்ப்டன்ஷயரில் 2021-இல் 93 கவுன்சிலர்கள், 2025 முதல் 76 பேர். இவர்கள் எல்லோரும் சேர்ந்த முழுக் கவுன்சில்தான் பட்ஜெட்டை நிறைவேற்றும், தலைவரைத் தேர்ந்தெடுக்கும். அந்தத் தலைவர் தனக்கு ஓர் அமைச்சரவை அமைத்துக்கொள்வார். தலைவரையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு மேல் போகக் கூடாது என்பது 2000-ஆம் ஆண்டுச் சட்டம். அன்றாட முடிவுகள் பெரும்பாலும் அந்தப் பத்துப் பேர் கையில். கட்டட அனுமதியும் லைசென்ஸும் மட்டும் தனிக் குழுக்களிடம். மீதிப் பேருக்கு ஸ்க்ரூட்டினி என்ற ஆய்வுக் குழு. அது அமைச்சரவை எடுத்த முடிவைத் திரும்ப எடுத்து விசாரிக்கலாம், மறுபடி யோசியுங்கள் என்று அனுப்பலாம், ரத்து செய்ய முடியாது. இவர்கள் எல்லோருக்கும் மேல் கண்காணிப்பாக, சட்டப்படி இருந்தே தீர வேண்டிய மூன்று அதிகாரிகள்: ஊழியர்களின் தலைவர், நிதித் தலைமை அதிகாரி, சட்ட மீறல் நடந்தால் அறிக்கை கொடுக்க வேண்டிய மானிட்டரிங் ஆபீசர். என்னைக் கேட்டால் ஒரு கவுன்சிலின் ஆரோக்கியத்தை அதன் தலைவரை வைத்து அளக்கக் கூடாது. இந்த மூவரும் பயமில்லாமல் எழுத முடிகிறதா என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

பழைய ஏற்பாட்டில் கவுண்டியும் டிஸ்ட்ரிக்டுகளும் சேர்ந்து 300-க்கு மேற்பட்ட கவுன்சிலர்கள் இருந்தார்கள். இப்போது இரண்டு கவுன்சிலிலும் சேர்த்து 144. செலவு மிச்சம் என்பார்கள். ஒரு கவுன்சிலருக்கு வருகிற படி பெரும்பாலும் ஒரு முழுநேரச் சம்பளத்தில் பாதிக்கும் கீழே, மிச்சமாவது அதுதான். பதிலுக்கு, மேற்கில் ஒரு கவுன்சிலர் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் 5,500 பேருக்கு மேல். கார்ன்வாலும் இதே வழியில் போனது: 2009-இல் 123 கவுன்சிலர்கள், 2021-இல் 87. பக்கிங்ஹாம்ஷயர் 147-லிருந்து 97. ஆரம்பத்தில் "உங்கள் பகுதிக்குப் போதுமான குரல் இருக்கும்" என்பார்கள், அப்புறம் எல்லை ஆணையம் வந்து வெட்டும்.

இன்னொரு வேடிக்கை. அடுக்குகளைக் குறைக்கிறோம் என்று சொல்லித்தான் எல்லாம் தொடங்கியது. எங்கள் பழைய டிஸ்ட்ரிக்டான நார்தாம்ப்டன் பரோ கவுன்சில் போனதும், ஊருக்கென்று மேயர் வேண்டும், விழாக்கள் வேண்டும், சமூகத் தோட்டங்கள் வேண்டும் என்று நார்தாம்ப்டன் டவுன் கவுன்சில் புதிதாக வந்தது. கெட்டரிங்கிலும் அப்படியே. இப்போது என் கவுன்சில் டாக்ஸ் பில்லை எடுத்துப் பார்த்தால் மேற்கு நார்தாம்ப்டன்ஷயர் கவுன்சில் ஒரு வரி, முதியோர் பராமரிப்புக்கு ஒரு வரி, போலீஸுக்கு ஒரு வரி, தீயணைப்புக்கு ஒரு வரி, டவுன் கவுன்சிலுக்கு ஒரு வரி. யூனிட்டரிக்கு ஆண்டுக்கு 5% அல்லது அதற்கு மேல் ஏற்ற வேண்டுமானால் மக்களிடம் வாக்கெடுப்போ அரசின் சிறப்பு அனுமதியோ வேண்டும். டவுன் கவுன்சிலுக்கு அப்படி உச்சவரம்பு எதுவும் இல்லை. அது புத்திசாலித்தனமா தப்பித்தலா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு டவுன் கவுன்சில் பிடிக்கும். கூப்பிட்டால் எடுக்கிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும் என்கிறேன்? இரண்டே விஷயம். ஒன்று, கலைக்கிற முடிவுக்கு முன் அந்தப் பகுதி மக்களிடம் வாக்கெடுப்பு. பாதிப் பேராவது வாக்களித்திருந்தால் முடிவு அரசைக் கட்டுப்படுத்த வேண்டும். வரியை ஏற்றக் கேட்கத் தெரிந்த சட்டத்துக்கு, ஒரு கவுன்சிலையே ஒழிப்பதற்குக் கேட்பது கஷ்டமா? இரண்டு, அளவு. ஒரு யூனிட்டரிக்குக் குறைந்தது இத்தனை மக்கள் வேண்டும் என்று எங்களுக்குச் சொன்ன எண் 3 லட்சம். 2024 டிசம்பர் வெள்ளை அறிக்கையில் 5 லட்சம். ரட்லாண்ட் 1997 முதல் வெறும் 40,000 சொச்சம் மக்களோடு யூனிட்டரியாக இருக்கிறது. எல்லோரும் ரட்லாண்ட் ஆக முடியாது, தெரியும். ஆனால் 5 லட்சம் என்ற எண் ஊர்களைப் பார்த்து வந்த எண் இல்லை, கணக்குப் பிள்ளையின் மேசையிலிருந்து வந்த எண்.

சர்ரேயில் இப்போது அதுதான் நடக்கிறது. 12 கவுன்சில்கள் இரண்டாகின்றன. 2027 ஏப்ரலில் தொடக்கம் என்பது திட்டம். 2023 ஜூனில் செக்‌ஷன் 114 அறிவித்த வோக்கிங்கின் கடன் 200 கோடி பவுண்டுக்கு மேல் போகும் என்று அப்போதே சொன்னார்கள். அந்த வோக்கிங்கும் கில்ட்ஃபோர்டும் வேவர்லியும் ஒரே மேற்கு சர்ரே கவுன்சிலுக்குள். கடனில் 50 கோடியை அரசு அடைக்கும் என்கிறது. மீதி யார் தலையில் என்று கில்ட்ஃபோர்டில் இருக்கிறவர்கள் கேட்டால் அது சுயநலம் இல்லை, நியாயமான கேள்வி.

கடைசியாக நம்மவர்களுக்கு ஒன்று. 18 வயது ஆகி, இங்கே சட்டப்படி விசாவில் இருக்கிற இந்திய, இலங்கை, மலேசிய, சிங்கப்பூர் குடிமக்கள் கவுன்சில் தேர்தலில் வாக்களிக்கலாம், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நிரந்தர வதிவுரிமை இருந்தால் மற்றத் தகுதிகளைப் பார்த்துக்கொண்டு வேட்பாளராகவும் நிற்கலாம். நம் வாட்ஸாப் குழுவில் கேட்டபோது பாதிப் பேருக்கு இது தெரியவில்லை. வாக்காளர் பட்டியலில் ஆன்லைனிலேயே பதியலாம், ஐந்து நிமிட வேலை. வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளம் கேட்பார்கள். காமன்வெல்த் நாட்டுப் பாஸ்போர்ட் செல்லும்.