துணி அலசுனதுல சிரிக்க என்ன இருக்கு?

குரூப்பு குரூப்பாச் சுத்துற அந்தப் படத்தை இனி யாரும் எனக்கு அனுப்பாண்டாம். நேத்து ராத்திரியில இருந்து ஏழு பேரு அனுப்பியாச்சு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால பைப்படியில ஒரு பையன் சாரத்தை மடிச்சுக் கட்டிக் குத்தவச்சு பிள்ளைத்துணி அலசுதான். அதுக்குக் கீழ கேலியா எழுதியிருந்ததை இங்க திருப்பி எழுத மனசு வரல்ல. எழுதினதுல பாதிப்பேரு பிள்ளை பெத்தவங்க. அதுதான் எனக்குத் தாங்கல்ல.

சிரிச்சவங்க யாரும் படத்தைச் சரியாப் பாக்கல்ல. பக்கத்துல ரெண்டு வாளி இருக்கு. ஒண்ணுல மூத்திரத்துணி, இன்னொண்ணுல மலத்துணி. மலத்துணியை முதல்ல ஓடுற பச்சத்தண்ணியில பிடிச்சிருக்கான். சோப்பும் வெந்நீரும் அதுக்குப் பெறவுதான். எடுத்த உடனே வெந்நீர் ஊத்துனா கறை துணியோட இறுகிப் பிடிச்சுக்கும். அவனுக்கு யாரோ முறையாச் சொல்லிக் குடுத்திருக்காங்க, அவனும் கேட்டுப் படிச்சிருக்கான்.

நான் சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணு. பிள்ளைக்கு அப்பன் செய்யுறது ஒத்தாசை இல்ல, அது அவன் வேலை. வேலைன்னா படிக்கணும். ரப்பர் பால் வெட்டப் போறவன் கத்தி பிடிக்கப் படிக்காம மரத்துல கை வைக்கமாட்டான். கைப்பிள்ளையைத் தூக்க மட்டும் படிக்காண்டாமா?

துணியில இருந்தே தொடங்குதேன். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டு. ஆனி ஆடியிலயும் ஐப்பசி கார்த்திகையிலயும் பிறக்குற பிள்ளைக்குப் பத்துப் பன்னெண்டு துணி காணாது. ஒரு நாளைக்கே அவ்வளவு நனையும், காய ரெண்டு நாள் ஆகும். முப்பதாவது வேணும். பழைய நாலு முழ வேட்டியில ரெண்டடிச் சதுரமா ஆறு துண்டு வரும், அஞ்சு வேட்டி போதும். துவைச்சுத் துவைச்சு மெலிஞ்ச வேட்டிதான் நல்லது, புதுத்துணி தண்ணி குடிக்காது. மழையில அரைகுறையாக் காய்ஞ்சதை எடுத்துக் கட்டுனா ரெண்டே நாள்ல தொடையிடுக்கு சிவந்திரும். அதனால ரெண்டு பக்கமும் இஸ்திரி போட்டு, ஆறவிட்டு, பெறவு கட்டணும். சோப்பு போற வரைக்கும் மூணு தண்ணியில அலசணும், மிச்சம் நிக்குற சோப்பாலயும் புண்ணு வரும். முதல் ரெண்டு மூணு நாள் மலம் தார் மாதிரி கறுத்து ஒட்டும். துடைச்சு, காய்ஞ்ச பெறவு தேங்காண்ணெயை லேசாத் தடவி வச்சா அடுத்த தடவை தேய்க்காமலே வரும். பெண்பிள்ளைக்கு முன்னால இருந்து பின்னால துடைக்கணும், ஒருநாளும் திருப்பித் துடைக்கப்பிடாது. ஆண்பிள்ளைக்குத் தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவப்பிடாது. தொப்புள்கொடி விழுற வரைக்கும் துணியை அதுக்குக் கீழ மடிச்சுக் கட்டணும், காத்துப் படணும். அதுல மஞ்சப்பொடி, சாம்பல் எதுவும் வைக்காண்டாம்.

"எங்க அப்பா துணியைத் தொட்டதே கிடையாது, நாங்க வளரல்லியா?" வளந்தீங்க. உங்க அம்மை எத்தனை ராத்திரி உறங்கினான்னு இன்னைக்கு அவளைக் கேட்டுட்டு வாங்க. இதுக்குமேல இதுக்குப் பதில் இல்ல.

"கடலுக்குப் போறேன், வர ஒரு மாசம் ஆகும்", "வெளிநாட்டுல நிக்கேன்". இது நியாயமான பேச்சு, இதைக் கேக்கும்போது எனக்கும் தொண்டை அடைக்கும். இவங்களுக்குச் செய்ய உள்ள வேலை போறதுக்கு முந்தி. ஆர்.சி.எச். நம்பர், அதாவது கர்ப்பத்தை அரசாங்கத்துல பதியும்போது குடுக்குற நம்பர், பதிஞ்சாச்சான்னு பாருங்க, பிறப்புச் சான்றிதழ் எடுக்கும்போது அதைக் கேப்பாங்க. அம்மையோட ரத்தக் குரூப் எழுதி, அதே குரூப்புல கூப்பிட்ட உடனே வர்ற ரெண்டு பேரைச் சொல்லி வையுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்தா 108-க்குப் போன் போடுறது யாரு, ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போறதா, தக்கலை ஆஸ்பத்திரிக்குப் போறதா, மூத்த பிள்ளை இருந்தா அது யாரு வீட்டுல நிக்கும், எல்லாம் முடிவு பண்ணி எழுதி வச்சுட்டுப் போங்க. பிறப்பை 21 நாளுக்குள்ள பதியணும், அதையும் ஒரு ஆளிடம் ஒப்படைங்க.

உள்ளூர்ல இருக்கிறவனுக்கு அந்தச் சாக்கு இல்ல. நம்ம பக்கம் முதல் பேறு பெண்வீட்டுலதான். மருமகன் ஞாயித்துக்கிழமை வருவான், நாற்காலி போடுவாங்க, மீன்கறி வைப்பாங்க, பிள்ளையைப் பத்து நிமிஷம் மடியில வச்சுட்டு வண்டி எடுத்துருவான். மூணு மாசம் இப்படி விருந்தாளியா வந்துபோனவன் கையில நாலாம் மாசம் பிள்ளை எப்படி அடங்கும்? வழக்கத்தை மாத்தச் சொல்லல்ல. போற அன்னைக்கு ராத்திரி அங்க தங்குங்க. அம்மை பால் குடுத்து முடிச்ச உடனே பிள்ளையை வாங்குங்க. தலையும் கழுத்தும் ஒரு கையில தாங்கி, தாடை உங்க தோள்மேல வர்ற மாதிரி நிமித்திப் பிடிச்சு, முதுகைக் கீழ இருந்து மேல பைய தடவுங்க. பத்து நிமிஷத்துக்குள்ள ஏப்பம் வரும். வரல்லன்னாலும் கொஞ்சநேரம் அப்படியே வச்சிருந்து மல்லாக்கக் கிடத்துங்க. குப்புற, ஒருச்சாய்ச்சு வேண்டாம், தலையணையும் வேண்டாம். பிள்ளை ஒரு நாளைக்கு எட்டுல இருந்து பன்னெண்டு தடவை குடிக்கும். ஏப்பமும் துணியும் உங்க கைக்கு வந்தா ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அரைமணிக்கூர் உறக்கம் மிச்சம். ரப்பர் பால் வெட்டுக்கு மூணு மணிக்கு எழும்புறவனுக்கு அந்த நேரத்துப் பாலுக்கு எழும்ப என்ன தடை?

இதைவிடப் பெரிய வேலை ஒண்ணு இருக்கு. அதைச் செய்ய அப்பனாலதான் முடியும். சீனித்தண்ணி, தேன், கழுதைப்பால், மூக்குல எண்ணெய் விடுறது, மூக்கை ஊதுறதுன்னு பெரியவங்க ஆளாளுக்கு வருவாங்க. படுக்கையில கிடக்குற பெண்ணால மாமியாரையோ பெத்த அம்மையையோ எதுத்துப் பேசமுடியாது. நீங்க சொல்லணும். ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும், தண்ணிகூட வேண்டாம். தேன் ஒரு வயசு முடியாம நாக்குல தொடப்பிடாது, கைப்பிள்ளைக்கு அதுல விஷக்கிருமி அபாயம் உண்டு. மூக்குல விட்ட எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கும். "பாட்டி, டாக்டர் கண்டிப்பாச் சொல்லியிருக்காரு, நான் கேட்டுட்டேன்"ன்னு மரியாதையாச் சொல்லி, பழியை உங்கமேல போட்டுக்கிடுங்க.

"அவ்வளவு படிச்சா டாக்டர் எதுக்கு?" டாக்டர் கிட்ட எப்போ ஓடணும்னு தெரியத்தான். அஞ்சாம் நாளுக்குப் பெறவு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போகணும், எண்ணிக் காலண்டர்ல எழுதுங்க. மூணு மாசத்துக்குள்ள 100.4 டிகிரி காய்ச்சல் வந்தா வீட்டு மருந்து கிடையாது, அப்பவே ஆஸ்பத்திரி. பிறந்த முதல் நாளே மஞ்சள் தெரிஞ்சாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள் இறங்கினாலோ இளவெயிலை நம்பி உக்காராதீங்க. அழுகை நிக்கல்லன்னு பிள்ளையை ஒருபோதும் குலுக்காதீங்க, மூளையில ரத்தம் கசியும். கை நடுங்குற அளவுக்குக் கோபம் வந்தா பிள்ளையைப் பத்திரமாக் கிடத்திட்டு ரெண்டு நிமிஷம் வெளிய நில்லுங்க.

பிள்ளை பெத்தவளையும் பாக்கணும். முதல் ரெண்டு வாரம் காரணமில்லாம அழுவா, அது நிறையப் பேருக்கு உண்டு. ரெண்டு வாரம் கழிஞ்சும் சிரிப்பு வரல்ல, சோறு இறங்கல்ல, பிள்ளை முகத்தைப் பாக்க மாட்டேங்கான்னா பேய் பிடிச்சுதுன்னு கயிறு கெட்டாதீங்க, டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போங்க. அந்த நேரத்துல பெண்ணுக்கு ஒரே ஒரு ஆள் பக்கத்துல நின்னாப் போதும். அந்தப் பையன் அப்படி நின்னவன். வேலைக்கு லீவு போட்டு வந்து நின்னிருப்பான், அந்தக் கூலியை யாரும் குடுக்கப் போறதில்ல. அவனை நிப்பாட்டி வச்சு ஊரே சிரிக்குது.

அட்மின்மாரே, கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கேன். படத்தை எல்லாக் குரூப்புல இருந்தும் இன்னைக்கே அழியுங்க. அவன் பெண்டாட்டி இன்னும் வார்டுலதான் கிடக்கா. அவ கையிலயும் போன் இருக்கு.