அவருக்குத் தெரியாமலே

மின்கம்பம், பேருந்து நிலையச் சுவர், வார இதழின் கடைசிப் பக்கம் என்று எங்கே பார்த்தாலும் அந்த விளம்பரம் கண்ணில் படும். “குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம், உணவில் கலந்து கொடுத்தால் போதும்.” கீழே ஒரு கைபேசி எண். எத்தனையோ தடவை கடந்து போயிருப்போம்.

மருந்து கொடுத்து ஒருவரின் குணத்தை மாற்றலாமா என்ற இதே விஷயத்தை வைத்துத் தத்துவப் பேராசிரியர்களும் வருடக்கணக்காக மல்லுக்கட்டுகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் இங்மார் பெர்சன், ஜூலியன் சவுலெஸ்கு என்ற இருவர் 2008இல் ஒரு கட்டுரையில் ஆரம்பித்து 2012இல் ஒரு புத்தகமே போட்டார்கள். மனிதனின் அறிவும் ஆயுதமும் வளர்ந்த அளவுக்கு மனசாட்சி வளரவில்லை. சிறு கூட்டமாக வாழ்ந்த காலத்து மனசை வைத்துக்கொண்டு அணுகுண்டையும் பருவநிலை மாற்றத்தையும் சமாளிக்க முடியாது. படிப்பும் வளர்ப்பும் மட்டும் போதாது, மருந்தாலோ மரபணு வழியாகவோ மனிதனை நல்லவனாக்க முடியுமா என்று தேடியே ஆக வேண்டும். இதுதான் அவர்கள் வாதம். தப்பு செய்யவே முடியாதவன் நல்லது செய்தால் அதற்கு என்ன மரியாதை என்று பிரிட்டன் தத்துவவாதி ஜான் ஹாரிஸ் எதிர்த்துக் கேட்டார். 2019இல் பார்க்கர் கிரட்ச்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் இன்னும் ஒரு படி மேலே போனார். இப்படி ஒரு மருந்தைக் கட்டாயமாகக் கொடுப்பதென்றால், மக்களுக்குச் சொல்லாமல் கொடுப்பதுதான் சரி என்று எழுதினார். நம்ம ஊர் மின்கம்பம் இதை எப்போதோ சொல்லிவிட்டது.

அந்தப் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மருத்துவர்கள் குடிநோய்க்குத் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். அது குடிக்கும் ஆசையைத் தொடாது. உடம்புக்குள் போன மதுவைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடாக மாற்றும். அது நச்சு. வழக்கமாக உடனே அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். டைசல்ஃபிராம் அந்த வழியை அடைத்துவிடுகிறது. பிறகு ஒரு கிளாஸ் உள்ளே போனாலும் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் விழும். இதய நோய் இருந்தால் உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி ஒன்றிரண்டு வாரம் ஆனாலும் இந்த ஆபத்து தீராது. ‘குடித்தால் இப்படி ஆகும்’ என்ற பயத்தில்தான் அந்த மருந்தின் வேலையே இருக்கிறது. தெரியாமல் சாப்பிடுகிறவனுக்கு எந்தப் பயம் வரும்?

எங்கள் தெருவில் ஒரு அக்கா கணவருக்கு ரசத்தில் ஏதோ பொடி கலந்து கொடுத்துவந்தார். ரசம் என்றால் புளிப்பும் மிளகும் மற்ற ருசியை மறைத்துவிடுமாம். ஒரு ராத்திரி அவருக்குக் கண் செருகி, சட்டையெல்லாம் நனைந்து, ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனார்கள். “என்ன சாப்பிட்டார்?” என்று டாக்டர் கேட்க, அக்கா “ரசஞ்சாதம்” என்றார். பிழைத்துவிட்டார். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவர் தன் கையால் போட்டுக்கொள்ளாமல் ஒரு வாய் சாப்பிட்டதில்லை என்று கேள்வி.

அந்த அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அடி வாங்குவது அவர், பள்ளிக் கட்டணத்துக்குக் கைநீட்டுவது அவர். ஆனால் இந்தக் கலப்பில் யாருக்கு நிம்மதி கிடைத்தது? சொல்லப்போனால், இந்த ‘நல்லவனாக்கும் மருந்து’ பேச்சு முழுக்க எனக்கு உறுத்துவதும் இதுதான். தனக்கு வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. மாமியாருக்கு, மேலதிகாரிக்கு, சிறைக்கைதிக்கு, அடங்காத பையனுக்கு என்றுதான் கேட்கிறார்கள். முதலில் விழுங்கப்போவது யார் என்று யோசித்தால் மறுக்கும் சக்தி இல்லாதவர்கள்தான் வரிசையில் நிற்பார்கள்.

மருந்தால் குணத்தை அசைக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. 2015இல் லண்டனில் ஆரோக்கியமானவர்களை வைத்து மாலி கிராக்கெட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். லேசான மின்னதிர்ச்சியைத் தவிர்க்க எவ்வளவு பணத்தை விடுவீர்கள் என்பது கேள்வி. மனச்சோர்வுக்குத் தரும் சிட்டாலோப்ராம் சாப்பிட்டவர்கள், தனக்கு விழும் அதிர்ச்சிக்கும் முகம் தெரியாத இன்னொருவருக்கு விழும் அதிர்ச்சிக்கும் மற்றவர்களைவிட அதிகம் விட்டுக்கொடுத்தார்கள். சரி, நல்ல செய்திதான். ஆனால் ‘அன்பு ஹார்மோன்’ என்று கொண்டாடிய ஆக்ஸிடோசினின் கதையையும் பாருங்கள். மூக்கில் தெளித்தால் பிறர்மேல் நம்பிக்கை கூடும் என்று 2005இல் வந்த முடிவு, பின்னால் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது நிற்கவில்லை. நடுவில் நெதர்லாந்தில் செய்த சோதனைகளில், தன் கூட்டத்தார் மேல் மட்டும் பாசம் கூடியதாகத் தெரிந்தது. சாதிச் சங்கக் கூட்டத்தில் அதை யாராவது தெளித்தால் என்ன ஆகும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

மனுஷன் மூளையைத் திருத்தக் கிளம்பும்போது கடையை யாரும் கவனிப்பதில்லை என்பது என் இன்னொரு கோபம். 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் கையில். மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 வரை. 2023-24இல் அரசுக்கு அதில் வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். பட்ஜெட்டில் துண்டு விழக்கூடாது, ஆனால் வீட்டில் அவருக்கு மட்டும் ஒழுக்கம் கூட வேண்டும். இது என்ன கணக்கு?

டைசல்ஃபிராமை நான் எதிர்க்கவில்லை. குடிக்கிறவரே ஒத்துக்கொண்டு, மனைவியோ அண்ணனோ பார்த்திருக்கத் தினமும் காலையில் அவர் கையாலேயே போட்டுக்கொண்டால் அது நன்றாகவே உதவுகிறது. சென்னை அடையாறில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய அறக்கட்டளையின் டி.டி.கே. மருத்துவமனை போன்ற இடங்களில் குடும்பத்தாரையும் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். அவர் திருந்தட்டும், அப்புறம் நாம் வாழலாம் என்று காத்திருக்கும் பெண்ணுக்கும் தூக்கம், வேலை, கையில் கொஞ்சம் காசு என்று ஒரு வாழ்க்கை வேண்டும் என்பதையும் அங்கே பேச முடிகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் இதற்குச் சிகிச்சை உண்டு, காசு கேட்கமாட்டார்கள். மின்கம்பத்து எண்ணை அழைக்கும் முன் ஒருமுறை அங்கே போய்ப் பாருங்கள். ஏற்கனவே எதையாவது கலந்து கொடுத்திருந்தால், அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.