நேர்கோட்டில் நடக்காத வரலாறு

மனநல மருத்துவத்தின் வரலாறு பற்றி அண்மையில் ஒரு கட்டுரை படித்தேன்; அத்துறை இருளிலிருந்து வெளிச்சத்தை நோக்கி நேராக நடந்து வந்ததைப் போல அதன் ஆசிரியர் எழுதியிருக்கிறார். வரலாறு அவ்வளவு சீரானதல்ல. 1949ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். மூளையின் முன்மடலில் உள்ள நரம்பிழைகளைத் துண்டிக்கும் அறுவை சிகிச்சைக்காகப் போர்ச்சுகல் மருத்துவர் எகாஸ் மோனிஸுக்கு அந்த ஆண்டில்தான் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதே ஆண்டில், கட்டுக்கடங்காத மனவெழுச்சியை லித்தியம் உப்பு தணிக்கிறது என்று ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் பத்து நோயாளிகளிடம் கண்டு எழுதிய சிறு கட்டுரையைப் பலரும் பொருட்படுத்தவில்லை. பரிசு பெற்ற முறை, பலரை உணர்ச்சி மரத்தவர்களாக்கிவிட்டுப் பின்னர் வழக்கொழிந்தது. அந்த உப்போ, மிகை எழுச்சியும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறுக்கு இன்றும் தரப்படுகிறது. ஆனால் இரத்தத்தில் அதன் அளவு சற்றே கூடினாலும் நச்சாகிவிடும் என்பதால், தொடர்ந்து பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பாரிஸ் அருகே பிசெத்ர் மருத்துவமனையில் மனநோயாளிகளின் சங்கிலிகளை அகற்றிய பெருமையைக் கட்டுரை பிரெஞ்சு மருத்துவர் பினெலுக்கே தந்துவிடுகிறது. 1797இல் அதைச் செய்தவர், அங்கு மேற்பார்வையாளராக இருந்த புஸ்ஸின். மருத்துவப் பட்டம் இல்லாத அவர், முன்பு அதே இடத்தில் நோயாளியாக இருந்தவர் என்பதைச் சொல்லாமல் விட்டது எனக்குப் பெருங்குறையாகத் தெரிகிறது.

1950களில் குளோர்புரோமசின் என்ற மனநோய் மருந்து வந்ததும் மனநலக் காப்பகங்கள் தாமாகக் காலியாயின என்று கட்டுரை சொல்வதும் பாதி உண்மையே. இத்தாலி 1978இல் சட்டம் இயற்றித்தான் அவற்றைப் படிப்படியாக மூடியது. வெளியே வந்தவர்களுக்கு வீடும் தொடர் கவனிப்பும் கிடைத்த இடங்களில் அது விடுதலையாயிற்று. கிடைக்காத நாடுகளில் பலர் தெருவுக்கும் சிறைக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.